நிலத்தடி நீரைப் பற்றி யாரிடம் எப்படிப் பேசுவது

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீர் ஆய்வு செய்கிறவர் ஒரே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் பேச வேண்டும், ஆட்சியர் அலுவலகத்தில் பேச வேண்டும், பொறியியல் கல்லூரியில் பேச வேண்டும், தன் துறைக்காரர்கள் கூடும் கருத்தரங்கிலும் பேச வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நான்கு இடத்துக்கும் ஒரே ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கிராமம் என்றால் மட்டும், எளிமையாக இருக்கட்டும் என்று கண்ணும் வாயும் வைத்த ஒரு நீர்த்துளிப் படத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிக்கும் நீர்த்துளியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆயிரம் அடி போர் போட்டுக் கடனாளியான மனிதருக்குக் குழந்தைப் பாடம் நடத்த நாம் யார்?

பேச ஒப்புக்கொண்டதும் முதலில் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் கூட்டம் கலைந்த பிறகு இவர்கள் கையில் இருக்கும் முடிவு எது? அவர்களுக்கு எவ்வளவு புரியும், எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். முடிவு என்னவென்று தெரிந்துவிட்டால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு குக்கிராமத்தின் அடிபம்பில் எடுத்த நீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் என்று ஆய்வகம் சொல்கிறது. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆக, இது வரம்பைத் தாண்டிய நீர்.

கிராம சபையில் இருப்பவர்கள் கையில் உள்ள முடிவு, நாளைக் காலை எந்தக் குழாயில் குடம் வைப்பது என்பது. அதனால் முதல் வாக்கியமே அதுவாக இருக்க வேண்டும்: "கோயில் பக்கத்து அடிபம்புத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். துவைக்கலாம், குளிக்கலாம்." 1.8 என்ற எண்ணை அதன் பிறகு சொன்னால் போதும். அடுத்த நொடியே யாராவது ஓர் அம்மா கேட்பார்: "கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் அல்லவா?" கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அடர்த்தி சற்றுக் கூடத்தான் செய்யும். அதற்கடுத்த கேள்வி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வராத நாளில் என்ன செய்வது என்பதாக இருக்கும். அதற்குப் பதில் இல்லாமல் அந்த ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. முதல் நாளே ஊராட்சிச் செயலரிடம் பேசி, பக்கத்தில் எந்தக் கிணற்று நீர் வரம்புக்குள் இருக்கிறது என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டு போங்கள்.

அதே எண்ணோடு ஆட்சியர் முன்னால் போனால் பேச்சு தலைகீழாக மாறும். அவருக்கு ஃபுளூரைடு என்றால் என்ன என்பது தெரியும். அதற்காகவே அந்த மாவட்டங்களில் ஒகேனக்கல் திட்டம் நடக்கிறது. அவர் கையில் உள்ள முடிவு, எந்த ஊருக்கு முதலில் குழாய் நீட்டுவது, எந்தப் பணத்திலிருந்து என்பது. எனவே வரம்பைத் தாண்டிய ஊர்களின் பட்டியல், அவற்றில் மாற்று நீராதாரமே இல்லாதவை எவை, குடிநீர் வடிகால் வாரியத்தின் குழாய் அங்கிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது: இவை ஒரே பக்கத்தில். கோரிக்கை முதல் வரியில். பின்னணி, புவியியல், நன்றி எல்லாம் கோப்பில் கிடக்கட்டும்.

வட்டார மருத்துவ அலுவலர்களுக்கோ பள்ளிகளின் பட்டியல்தான் வேண்டும். பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகளை எங்கே தேடுவது, மூட்டு வலி என்று வரும் பெரியவர்களில் யாரிடம் எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்பது என்பதற்கு உங்கள் வரைபடம் உதவினால் அவர்கள் அதைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள்.

துறைக்காரர்கள் 1.8 என்றதும் நம்பிவிட மாட்டார்கள். எந்த மாதத்தில் எடுத்த மாதிரி, எவ்வளவு ஆழம், எந்த முறையில் அளந்தது, அதே நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் எவ்வளவு என்று கேட்பார்கள். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடினால் பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு கரைவது எளிதாகிறது. அந்தத் தொடர்பைக் காட்டாத பேச்சு அவர்களுக்கு ஒரு பேச்சே இல்லை. இங்கே அறிமுக ஸ்லைடுகள் வேண்டவே வேண்டாம். மூல எண்களைக் காட்டுங்கள், பொருந்தாத புள்ளிகளையும் மறைக்காமல்.

வரைபடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் நான் பார்க்கிற குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. நாம் நீர்மட்டத்தைத் தரையிலிருந்து எவ்வளவு கீழே என்று அளக்கிறோம். 12 மீட்டர் 21 மீட்டர் ஆனால் நீர் இறங்கிவிட்டது. ஆனால் கணினியில் அந்த எண்களை அப்படியே கொடுத்தால் கோடு மேலே ஏறும். ஏறுகிற கோட்டைப் பார்த்தால் யாரும் நல்ல செய்தி என்றே நினைப்பார்கள். ஓர் ஆய்வுக் கூட்டத்தில் ஓர் உயர் அதிகாரி, "பரவாயில்லையே, நன்றாக ஏறியிருக்கிறதே" என்று பாராட்டியதையும், பேசியவர் திருத்தத் தைரியமில்லாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அச்சைத் தலைகீழாக்குங்கள். பூஜ்ஜியம் மேலே, அதுதான் தரை. அந்தக் கோட்டில் ஒரு கிணற்றுச் சுவரையும் வரைந்துவிட்டால் பாதி விளக்கம் முடிந்தது. மழை அளவை அதே படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழே தொங்கும் கம்பிகளாகப் போடுவது துறை வழக்கம். கருத்தரங்கில் அது சரி. மற்ற இடங்களில் மழைக்குத் தனிப் படம் போடுங்கள். மழை தலைகீழாகத் தொங்குவதை யாரும் இயல்பாகப் படிப்பதில்லை.

அடுத்த தொல்லை சதவீதம். தமிழ்நாட்டில் பிர்கா (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்) வாரியாக நிலத்தடி நீர் எடுப்பைக் கணக்கிடுகிறார்கள். 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 90 வரை ஒரு வகை, 100 வரை இன்னொரு வகை, 100ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பகுதி. "உங்கள் பிர்காவில் 130 சதவீதம்" என்று சொன்ன ஒரு கூட்டத்தில் முன் வரிசைப் பெரியவர் எழுந்து, "இருப்பதே நூறு என்றால் நூற்று முப்பது எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நூறு என்பது நிலத்துக்குள் உள்ள மொத்த நீர் அல்ல, ஓர் ஆண்டில் உள்ளே சேர்ந்து நாம் எடுக்கக்கூடிய நீர் மட்டுமே. வருமானம் நூறு, செலவு நூற்று முப்பது, மிச்ச முப்பது தாத்தா சேர்த்து வைத்த பணத்திலிருந்து போகிறது என்று சொன்னால் மறுபேச்சு வராது. ஆனால் இதே உவமையை ஆட்சியர் அலுவலகத்தில் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அங்கே எந்தெந்த பிர்கா நூறைத் தாண்டியது, சென்ற கணக்கீட்டில் அது எங்கே இருந்தது என்ற இரண்டு பத்தி போதும்.

அலகுகளும் ஆளுக்கேற்ப மாற வேண்டும். விவசாயிக்கு ஆழம் அடியில், நீர் வரத்து இஞ்சில். "ஒன்றரை இஞ்ச் தண்ணீர்" என்று அவர் சொல்வதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று நீங்கள்தான் உங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், அவரை மாற்றச் சொல்லக் கூடாது. அதிகாரிகளுக்கும் நிருபர்களுக்கும் டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) பழக்கம்; ஒரு டி.எம்.சி. ஏறக்குறைய 28.3 மில்லியன் கன மீட்டர். மழையைச் சொல்லும்போது எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: ஒரு ஏக்கரில் 3 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுத்துப் பழகிய ஊரில் இதைச் சொன்னதும் கூட்டம் தானாகவே பெருக்கல் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

கிராம சபை பெரும்பாலும் பள்ளி வராந்தாவிலோ மரத்தடியிலோ பகல் வெளிச்சத்தில் நடக்கிறது. புரொஜெக்டர் அங்கே வெறும் சுமை. நான் எடுத்துப் போவது நீர்மட்டம் அளக்கும் டேப். கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குப் போய், இரண்டு விவசாயிகளை அழைத்துக்கொண்டு அரசு கண்காணிப்புக் கிணற்றுக்குப் போவேன். டேப்பை அவர்களே இறக்க வேண்டும். முனை நீரைத் தொட்டதும் சுருளில் உள்ள மணி 'கீ' என்று கத்தும். சற்றே தூக்கினால் நின்றுவிடும், இறக்கினால் மறுபடி கத்தும். அந்த இடத்தில் விரலை வைத்துப் பிடித்து எண்ணைப் படிக்கச் சொல்வேன்: 21 மீட்டர், ஏறக்குறைய 69 அடி. பிறகு கூட்டத்தில் அந்த எண்ணை நான் சொல்வதில்லை. அவர்கள் இருவரில் ஒருவர் எழுந்து சொல்வார். துறை சொன்ன எண்ணோடு சண்டை போடுகிறவர்கள் பக்கத்துக் காட்டுக்காரர் அளந்த எண்ணோடு போடுவதில்லை.

உடனே ஒரு தடை வரும், அதற்கும் தயாராக இருங்கள். "69 அடியில் தண்ணீர் நிற்கிறது என்கிறீர்கள், என் போர் 900 அடியிலும் புகைதான் கக்கியது!" இரண்டும் உண்மை. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் முக்கால்வாசிக்கு அருகில் கடும்பாறை. மேலே மக்கிய பாறையில் ஓரளவு நீர் நிற்கும்; அதற்குக் கீழே வெடிப்பு இருந்தால்தான் நீர், இல்லையென்றால் வெறும் கல்லும் தூசியும். நீங்கள் அளந்தது எந்த அடுக்கை என்று முதலிலேயே சொல்லாவிட்டால் அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.

நீரோட்டம் பார்ப்பவரும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார். தேங்காயையும் வேப்பங்குச்சியையும் கேலி செய்து கைத்தட்டல் வாங்க நினைக்கிறவர்கள் அந்த ஊரில் மறுபடி பேச முடியாது. நம் மின்தடைக் கருவியும் நீரைக் காட்டுவதில்லை, பாறையின் மின்தடையைத்தான் காட்டுகிறது. அதை வைத்து நாம் ஊகிக்கிறோம். இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, "கடந்த ஐந்தாண்டில் ஊரில் போட்ட போர்களில் எத்தனை பொய்த்தன என்று ஒரு நோட்டில் எழுதலாமா, ஐயா?" என்று அவரிடமே கேளுங்கள். அந்த நோட்டு எந்த ஸ்லைடையும் விட அதிகம் பேசும்.

நாளும் முக்கியம். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2022இல் உலக நீர் நாளான மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்தார்கள். தூர்வாருவது, தடுப்பணை பழுது பார்ப்பது பற்றிய பேச்சை மார்ச்சிலோ மே 1 அன்றோ வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 அன்று ஏரி தூர்வாரச் சொல்லி என்ன பயன்? வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். அன்று வரத்துக் கால்வாய் அடைப்பை எடுப்பது பற்றி மட்டும் பேசலாம்.

கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்கள் நிலத்துக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று சொல்லும் டார்சி விதியைப் படித்திருப்பார்கள், கிணற்றில் நீர் இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் எப்படி இறங்கும் என்பதற்குத் தைஸ் 1935இல் கொடுத்த சமன்பாட்டையும் தேர்வுக்கு எழுதியிருப்பார்கள். அந்தச் சமன்பாடு ஒரே சீரான, எல்லையில்லாமல் பரந்த நீர்த்தாங்கியை (நீரைத் தேக்கி வைக்கும் நிலத்தடி அடுக்கை) எடுத்துக்கொள்கிறது. நம் பாறையோ அப்படி இல்லை. உண்மையான ஒரு பம்பிங் சோதனையின் எண்களைக் கொடுத்து வளைகோட்டைப் பொருத்தச் சொல்லுங்கள். பொருந்தாது. மீதி நேரத்தை ஏன் என்று விவாதிக்க விட்டுவிடலாம்.

உண்மையான சோதனை கலப்புக் கூட்டம்தான். மேடையில் மக்கள் பிரதிநிதி, முன் வரிசையில் அதிகாரிகள், பின்னால் விவசாயிகள், ஓரத்தில் மாணவர்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். அன்று முடிவெடுக்கப் போகிறவர் யார் என்று பார்த்து அவருக்காகப் பேசுங்கள். மற்றவர்களுக்குத் தாளில் கொடுங்கள். அழைத்தவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: முன் வரிசையில் யார், எனக்கு முன்னால் யார் பேசுகிறார், மின்சாரம் உண்டா, எத்தனை பேருக்குப் பொன்னாடை. கடைசிக் கேள்வி கேலிக்காக அல்ல. உங்களுக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தைப் பொன்னாடைகள்தான் தின்னும். எனவே நான்கு நிமிடப் பேச்சு ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். இருபது நிமிடப் பேச்சை வேகமாகச் சொன்னால் அது நான்கு நிமிடப் பேச்சாகாது. ஒரு எண், அதனால் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்ற மூன்றோடு நின்றுவிட வேண்டும்.

கிளம்பும் முன் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட ஒரே ஒரு தாள் கொடுங்கள். அதில் பெரிய எழுத்தில் எந்தக் குழாய், எந்தக் கிணறு, குடிக்கலாமா கூடாதா, பரிசோதித்த தேதி, அடுத்த பரிசோதனை எந்த மாதம். அடியில் அலுவலகத் தொலைபேசி எண், கூட்டத்தில் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகள், கேட்டவர் பெயரோடு. பதில் கிடைத்ததும் அந்தப் பெயருக்கே போன் செய்யுங்கள், ஊராட்சித் தலைவர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.