பக்கங்களை 16-இன் மடங்கில் நிறுத்துங்கள்

சொந்தச் செலவில் ஆஃப்செட்டில் (பிளேட் எனும் அச்சுத் தகடு வைத்து மொத்தமாக அச்சிடும் முறை) புத்தகம் அச்சிடுபவர்கள், மொத்தப் பக்கங்களை 16-இன் மடங்கில் முடியுங்கள்: 144, 160, 176. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், வெற்றுப் பக்கங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

டெமி என்னும் வழக்கமான புத்தக அளவில் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி. 163 பக்கம் வந்தால், மிஞ்சும் 3 பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்துக்கோ அரை ஃபாரத்துக்கோ பிளேட், தாள், அச்சுக்கூலி எல்லாம் கொடுக்கவேண்டும். அத்தியாயக் கடைசியில் இரண்டு மூன்று வரி மட்டும் தொங்கும் பக்கங்களை முதலில் தேடுங்கள். முந்தைய பக்கங்களில் ஒரு பத்தியை இறுக்கினாலே அந்த வரிகள் முந்தைய பக்கத்துக்கு ஏறிவிடும். போதவில்லை என்றால் வரி இடைவெளியை 15 பாயின்டிலிருந்து 14.5 ஆக்கலாம். எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள், வாசிப்பவர் கண் பாவம். மாறாக ஓரிரு பக்கம் காலியாக இருந்தால் உங்கள் மற்ற நூல்களின் பட்டியலையும், வாங்கும் இணைப்புக்கான க்யூஆர் கோடையும் போடுங்கள். செலவில்லாத விளம்பரம்!

ஃபாரம் 8 பக்கமா 16 பக்கமா என்பதை அச்சகத்தில் முன்பே கேளுங்கள். பக்கக் கணக்கில் விலை போடும் பிரின்ட் ஆன் டிமாண்டுக்கும் (கேட்கும்போது மட்டும் அச்சிடும் முறை) மின்னூலுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம்.