கிளெமென்டேயின் நினைவுப் பொருட்களைக் கெடாமல் வைத்துக்கொள்வது எப்படி

1972 டிசம்பர் 31 இரவு, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு போர்ட்டோ ரிகோவின் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய டிசி-7 விமானம் கடலில் விழுந்தது. அதில் பேஸ்பால் வீரர் ரோபெர்டோ கிளெமென்டே இருந்தார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. 18 சீசனும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கே ஆடிய அந்த 21ஆம் எண் வீரரின் ரசிகர்கள் அன்று பத்திரப்படுத்திய நாளிதழ்களும், வீரர் படம் அச்சிட்ட கார்டுகளும் டிக்கெட் துண்டுகளும் இப்போது பிள்ளைகள் கைக்கு வந்திருக்கின்றன. ஐம்பது ஆண்டு தாண்டிய பொருட்கள் இவை. பெரும்பாலும் பாசத்தோடு தவறாக வைக்கப்பட்டவை.

முதல் வேலை, பெட்டியைப் பரணிலிருந்தோ நிலவறையிலிருந்தோ எடுப்பது. பரணில் வெயில் காலத்துச் சூடு, நிலவறையில் ஈரம். வீட்டின் உட்புற அலமாரி ஒன்று போதும்: சுமார் 20 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம். சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

அதிகம் கெடுவது நாளிதழ்தான். மரக்கூழில் உள்ள லிக்னின் காற்றிலும் ஒளியிலும் சிதைந்து அமிலமாகிறது. தாள் பழுத்து, மடிப்பில் ஒடிகிறது. அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் புகைப்படத்திலும் கறையாக இறங்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு (மெல்லிய தாளுக்குக் கையுறை வேண்டாம், விரலுக்குப் பிடி தெரியாமல் கிழியும்) தாளைக் கீழிருந்து ஓர் அட்டையால் தாங்கி மெதுவாக விரியுங்கள். விரிய மறுத்தால் விட்டுவிடுங்கள். விரிந்ததை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மம் கலந்த தாளை இடையில் வைத்து, தட்டையான பெட்டியில் படுக்கவையுங்கள். வண்ணப் புகைப்படங்களுக்கு இந்தத் தாள் ஆகாது; காரம் சேர்க்காத, அமிலமற்ற தாளே சரி. லேமினேஷன் வேண்டவே வேண்டாம்: சூடும் பசையும் உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. பழைய செல்லோ டேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து வரும்.

வெட்டி வைத்த செய்தித் துண்டில் தேதி பெரும்பாலும் போயிருக்கும். தெரிந்த தேதியையும் நாளிதழின் பெயரையும் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள். துண்டின் பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும்.

கார்டுகளில் எல்லோரும் சறுக்கும் இடம் அளவு. இன்றைய உறைகள் 2½ × 3½ அங்குலத்துக்கானவை. டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் கார்டான 1955ஆம் ஆண்டின் 164ஆம் எண்ணும், அடுத்த ஆண்டுக் கார்டும் 2⅝ × 3¾ அங்குலம். வழக்கமான உறையில் திணித்தால் மூலைகள் மழுங்கும், மதிப்பும் அதோடு போகும். பெரிய அளவு உறையைக் கேட்டு வாங்குங்கள். பிவிசி பிளாஸ்டிக் பக்கங்கள் காலப்போக்கில் பிசுபிசுத்து மேற்பரப்பில் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் எடுங்கள். ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

1957 முதல் 1969 வரை வந்த டாப்ஸ் கார்டுகளில் 'பாப்' கிளெமென்டே என்று அச்சாகியிருக்கும். அவர் தன்னை ரோபெர்டோ என்றே சொல்லிவந்தார். உங்கள் குறிப்புச் சீட்டிலும் அப்படியே எழுதுங்கள். முழுப்பெயர் ரோபெர்டோ கிளெமென்டே வாக்கர்: ஸ்பானிய வழக்கப்படி தந்தைவழிப் பெயர் முன்னால், தாய்வழிப் பெயர் பின்னால். பேஸ்பாலின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள பலகையிலேயே இது மாறிப்போய், 2000இல்தான் திருத்தினார்கள்.

1972 செப்டம்பர் 30 ஆட்டத்தின் டிக்கெட் துண்டு இருந்தால் 'கடைசி ஆட்டம்' என்று எழுதிவிடாதீர்கள். அன்று மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் அவர் அடித்த டபுள்தான் (இரண்டாம் தளம் வரை ஓடவைக்கும் அடி) 3000ஆவது ஹிட் (அடித்துத் தளத்தை எட்டுவது). வழக்கமான சீசனில் அதுவே கடைசி ஹிட். ஆனால் அதற்குப் பிறகும் களம் இறங்கினார். சின்சினாட்டி அணிக்கு எதிரான பிளேஆஃபிலும் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய சுற்று) ஆடினார்.

ஜெர்சி என்றால் முதலில் துணியைப் பாருங்கள். 1970 நடுவில்தான் பைரேட்ஸ் பொத்தானில்லாத பின்னல் துணி ஜெர்சிக்கு மாறினார்கள். அதற்கு முன் கையில்லாத கம்பளி உடுப்பு. '1960 உலகத் தொடர் ஜெர்சி' என்று சொல்லி யாராவது பின்னல் துணியை நீட்டினால் பணப்பையை மூடிக்கொள்ளலாம். கம்பளியைப் பூச்சி தின்னும்; எதையும் ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபடும். அமிலமற்ற மெல்லிய தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்துப் பெட்டியில் கிடத்துங்கள்.

கையெழுத்திட்ட பந்தை ஜன்னலோரம் வைக்கவே கூடாது. பேனா மை ஒளியில் வெளிறும். வெளிறியதன் மேல் திரும்ப எழுதுவது இருப்பதையும் கெடுக்கும். சுவரில் ஏதாவது மாட்ட ஆசையென்றால் ஸ்கேன் பிரதியை மாட்டுங்கள், அசல் இருட்டில் இருக்கட்டும்.

ஆண்டுக்கொரு முறை பெட்டியைத் திறக்க, கிளெமென்டே நாளான செப்டம்பர் 15 தோதானது. பூச்சி, பூஞ்சை, துருப்பிடித்த கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். வினிகர் வாடை வந்தால் ஏதோ பழைய ஃபிலிம் சிதையத் தொடங்கியிருக்கிறது. அன்றே அதைத் தனியே எடுத்து ஸ்கேன் செய்துவிடுங்கள்.