இறந்தவர்கள் இருக்கும் கப்பலைப் படம் எடுப்பது எப்படி

கொழும்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் கப்பல்களைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது எந்த வில்லை நல்லது, எத்தனை ஃபிளாஷ் வேண்டும் என்பதைத்தான். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: நீங்கள் போகும் கப்பலில் யாராவது இறந்தார்களா? அதற்குப் பதில் தெரிந்த பிறகே கமராவைப் பெட்டியில் பூட்ட வேண்டும். ஏனென்றால் எவ்வளவு கிட்டப் போவது, எதை விட்டுவிடுவது, படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்தது.

நம் கடலில் இரண்டு வகைக் கப்பலும் மூழ்கியதுண்டு. 2021 மே மாதம் தீப்பிடித்து ஜூன் 2ஆம் திகதி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பலின் மாலுமிகள் அனைவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அங்கே செத்தவை ஆமைகள். அழிந்தது நீர்கொழும்பு முதல் கொழும்பு முகத்துவாரம் வரையான கடற்றொழிலாளர்களின் பிழைப்பு. அப்படிப்பட்ட கப்பலின் படம் ஒரு சாட்சி. இண்டு இடுக்கு விடாமல் எடுங்கள், கோபத்தோடு எடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. 1917ஆம் ஆண்டின் இரண்டு கப்பல்கள் வேறு. வணிகக் கப்பல் போல வேடமிட்டு வந்த ஜெர்மனியின் வூல்ஃப் என்ற போர்க்கப்பல் அந்த ஆண்டு பெப்ரவரியில் கொழும்புக்கு வெளியே கடற்கண்ணிகளை விதைத்துவிட்டுப் போனது. 17ஆம் திகதி வூஸ்டர்ஷயர் அதில் மோதி மூழ்கியது, இருவர் இறந்தார்கள். 21ஆம் திகதி பெர்சியஸ், மூவர் இறந்தார்கள்.

இந்தச் சிறிய எண்களைக் கேட்டதும் பலர், "இரண்டு பேர்தானே" என்பார்கள். அந்தத் 'தானே' எனக்குப் பொறுக்காது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கியில் 307 பேர் இறந்தார்கள். அங்கே இறங்குகிறவர்கள் தாமாகவே அடக்கமாக இருப்பார்கள். எண்ணே அவர்களை அடக்கிவிடும். இருவர் இறந்த கப்பலில்தான் நமக்குக் கவனம் தேவை.

ஆகவே முதல் வேலை பெயர் தேடுவது. பொதுநலவாயப் போர்க்கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத் தேடலில் கப்பலின் பெயரையும் மூழ்கிய திகதியையும் இட்டுப் பாருங்கள். கடலே கல்லறையான பிரித்தானிய வணிக மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியக் கடலோடிகளுக்கு அங்கே தேடிப் பயனில்லை; மும்பை நினைவிடத்தின் பதிவில் தேடுங்கள். முதல் உலகப் போரில் கடலில் மறைந்த 2,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிழக்கு நோக்கி ஓடிய பிரித்தானிய நீராவிக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் கரி அள்ளிப் போட்டவர்களில் பலர் நம் பக்கத்து மனிதர்கள். அதிகாரிகளின் பெயரை எழுதிவிட்டு இவர்களைப் 'பணியாளர்கள் சிலர்' என்று முடித்துவிடுவது பழைய காலத்துப் பத்திரிகைகளின் வழக்கம். நாமும் அதைத் தொடர வேண்டாம். கிடைத்த பெயர், வயது, பதவி, ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் படகுக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தது காலம். மேற்குக் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை திறந்திருக்கும். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் கடலடியே கலங்கிவிடும். அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்குப் போகலாம். 1917 கப்பல்களின் நினைவு நாட்கள் பெப்ரவரியில் வருவதால், நாள் பார்த்து இறங்க விரும்புகிறவர்களுக்குக் கடலும் வழிவிடும். மலைநாட்டில் மழை கொட்டிய அடுத்த நாட்களில் கொழும்புக்கு வடக்கே போகாதீர்கள். களனி ஆறு கொண்டுவந்து தள்ளும் சேற்றில் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. வெயில் ஏறிக் கடற்காற்று எழும்புமுன், விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும்.

ஆழத்தை மதியுங்கள். பொழுதுபோக்காகச் சுழியோடுகிறவர்களுக்கு 40 மீற்றர்தான் உச்ச எல்லை. வூஸ்டர்ஷயர் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, ஹேர்மிஸும் அப்படியே. அவை ஆழச் சுழியோட்டப் பயிற்சியும் சுவாசிக்கக் கலப்பு வாயுவும் உள்ளவர்களுக்கு உரியவை. படத்துக்காக எல்லை தாண்டி இறங்கி, ஏற்கெனவே இறந்தவர்களோடு இன்னொருவரையும் சேர்த்துவிடாதீர்கள். கப்பலின் உள்ளே போவதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தூசி கிளம்பினால் வழி மறையும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: நாம் விடும் மூச்சுக் குமிழிகள் கூரைக்குக் கீழே தேங்கி, அந்த இரும்பை வேகமாக அரித்துவிடும்.

படகுக்காரரிடம் ஒரு விடயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நங்கூரத்தைக் கப்பலில் கொளுவக் கூடாது. அது தளத்தைக் கிழித்து, நூறு ஆண்டு நின்ற கம்பியைச் சாய்த்துவிடும். பாரம் கட்டிய கயிற்றைக் கப்பலுக்குப் பக்கத்து மணலில் இறக்கச் சொல்லுங்கள். நான் போகும் படகை ஓட்டும் முகத்துவாரத்து அண்ணன் இதைக் கேட்டு முதலில் முகம் சுளித்தார். நீரோட்டத்தில் படகு நிற்காது என்பது அவர் கவலை. கீழே ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்று சொன்னதும், "அதை முதலே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, படகை நிறுத்தாமல் இயந்திரத்தை ஓடவிட்டு எங்களுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தார். கடலில் உறவினரைப் பறிகொடுக்காத வீடு முகத்துவாரத்தில் குறைவு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும்.

இறங்குவதற்கு முன் படகில் இயந்திரத்தின் சத்தத்தைக் குறைத்து, தாளில் உள்ள பெயர்களை ஒருவர் வாசிக்க வேண்டும். பூப் போட விரும்பினால் உதிரிப் பூவாகப் போடுங்கள். நைலோன் நூலில் கட்டிய மாலையும் பிளாஸ்டிக் வளையமும் கடலுக்குப் போகவே கூடாது.

கமராவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நீர்புகாப் பெட்டியை முதல் நாள் இரவே குளிரூட்டிய அறையில் பூட்டுங்கள். உள்ளே அடைபடும் காற்று உலர்ந்திருந்தால் கடலடியில் கண்ணாடி பனிக்காது. ரப்பர் வளையத்தில் ஒரு முடி கிடந்தாலும் நீர் கசியும் என்பதால் விரலால் தடவிப் பாருங்கள். அகலக்கோண வில்லை ஒன்று போதும். நம் நீரில் துணிக்கைகள் அதிகம். ஃபிளாஷைக் கமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழும். ஃபிளாஷைத் தாங்கும் கைகளை நன்றாக அகட்டி, விளக்குகளைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள்.

பத்து மீற்றருக்குக் கீழே சிவப்பு நிறம் கிட்டத்தட்ட இல்லை. முப்பது மீற்றரில் துரு கூட நீலச் சாம்பலாகத்தான் தெரியும். முழுக் கப்பலுக்கும் ஃபிளாஷ் அடிக்க முயலாதீர்கள். எந்த ஃபிளாஷும் அவ்வளவு தூரம் போகாது. மேலிருந்து வரும் ஒளியிலேயே எடுங்கள்: ஐஎஸ்ஓ 400 முதல் 800, துளை எஃப் 8, வேகம் 1/60 அல்லது 1/125. மணலுக்குச் சற்று மேலே நின்று, அண்ணாந்து, கப்பலின் முனையை மேற்பரப்பு வெளிச்சத்துக்கு எதிராக நிறுத்துங்கள். பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இறந்தவர்கள் உள்ள கப்பலுக்கு அதுவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். பளீரென்ற செம்மஞ்சள் மீன்களைக் கண்டதும் பார்ப்பவருடைய கண் அங்கே போய்விடும்.

என் பெரியப்பா வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணத்தைவிட மரண வீட்டுப் படங்களுக்கே அவரைத் தேடி வருவார்கள். மரண வீட்டில் அவர் முதலில் வாசலில் இருந்து ஒரு படம் எடுப்பார், பிறகு சுற்றி நிற்கிறவர்களை, கடைசியாகப் பெட்டியடியில். அதுவும் வீட்டாரிடம் கேட்ட பிறகு. யாரையும் தள்ளி நிற்கச் சொல்லமாட்டார், ஒரு பூவைக்கூட நகர்த்தி வைக்கமாட்டார். கடலுக்குக் கீழே நான் செய்வதும் இதே ஒழுங்குதான். தூரத்திலிருந்து முழு உருவம். பிறகு கப்பலின் பக்கவாட்டில் மெல்ல நீந்திக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று கவியும் படங்கள், ஒவ்வொன்றும் முந்தியதில் பாதிக்கு மேல் சேரும்படி. இவற்றைக் கணினியில் இணைத்தால் கப்பலின் முப்பரிமாண உருவம் கிடைக்கும். தொல்லியல் துறையினருக்கு அழகான படத்தைவிட இது அதிகம் உதவும். கிட்டத்துப் படங்கள் கடைசியில்.

கிட்டப் போகும்போதுதான் அங்கே வேலை செய்த ஆள் யார் என்று தெரியும். நீராவிக் கப்பலில் மற்றவை எல்லாம் சரிந்த பிறகும் நிற்பவை கொதிகலன்கள். ஒரு கொதிகலனின் முகப்பைப் பார்த்திருக்கிறேன்: வட்ட வட்டமாக அடுப்பு வாய்கள், கதவு ஒன்று பாதி திறந்தபடி, அதன் விளிம்பில் சிப்பிகள் ஒட்டி, உள்ளே ஒரு மீன் அசையாமல். கரி போட ஒருவர் திறந்த கதவு அது. அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தால் உள்ளே ஒளி நன்றாக விழும் என்று தோன்றும். கை வைக்காதீர்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு கூட வரும் சுழியோடியைத் தள்ளி நின்று சாய்வாக ஒளி பாய்ச்சச் சொல்லுங்கள். கதவு இருந்த நிலையிலேயே படம் வரும். அளவு காட்ட ஒரு மனிதர் படத்தில் இருப்பது நல்லது. ஆனால் அவர் பீரங்கியில் ஏறி உட்காரவோ, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவோ கூடாது. துடுப்பைத் தவளை உதைப்பாக அடித்து, தளத்தைவிட்டு ஒரு மீற்றர் மேலே நிற்கட்டும்.

பீங்கான் தட்டுகளையும் போத்தல்களையும் பொறுக்கித் தளத்தில் வரிசையாக அடுக்கிவைத்துப் படம் எடுப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அது பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் பொய்ப் படம். தட்டு எங்கே விழுந்து கிடந்தது என்பதில்தான் கப்பல் எப்படிச் சாய்ந்தது என்ற கதை இருக்கிறது. சப்பாத்துகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். எலும்பு கரைந்த பிறகும் பதனிட்ட தோல் நெடுங்காலம் இருக்கும். இரண்டு சப்பாத்துகள் சோடியாகக் கிடந்தால் அங்கே ஒருவர் கிடந்திருக்கக்கூடும். நான் அவற்றை எடுப்பதில்லை.

எலும்பைக் கண்டால் கமராவைத் தாழ்த்துங்கள். பதிவுக்கு அவசியமென்றால் இடம் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். அது தொல்லியல் திணைக்களத்துக்கும் கடற்படைக்கும் மட்டும், வேறு எவருக்கும் காட்டக் கூடாது. அண்மைக் காலத்து உடல் என்று ஐயம் இருந்தால் பொலிஸுக்கு அன்றே அறிவியுங்கள். நூறு ஆண்டுகளாவது நீருக்கடியில் இருந்தவற்றை யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டுச் சாசனம் பண்பாட்டு மரபாகக் கொள்கிறது; மனித எச்சங்களைத் தேவையின்றிக் கலைக்கக் கூடாதென்று அதன் விதிகள் சொல்கின்றன. 1917 கப்பல்கள் அந்த நூறைத் தாண்டிவிட்டன. ஆனால் 1994இல் மூழ்கிய கப்பலாக இருந்தாலும் நான் இப்படித்தான் நடந்துகொள்வேன். தாய்க்குப் பிள்ளையின் எலும்பு நூறு ஆண்டு கழித்துத்தான் மரியாதைக்குரியதாகும் என்பதில்லை.

வெளியிடும்போது கோப்பில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். பித்தளைக்கும் செம்புக்கும் விலை இருக்கும்வரை சரியான இடத்தைச் சொல்வது, வெட்டி எடுத்துப் போகிறவர்களுக்கு வழி காட்டுவதாகும். விளக்கக் குறிப்பில் கப்பலின் பெயர், மூழ்கிய நாள், காரணம், இறந்தவர்களின் எண்ணிக்கை, தெரிந்தால் பெயர்கள் ஆகியவை இருக்க வேண்டும். 'பேய்க் கப்பல்', 'மரணக் கிடங்கு' போன்ற தலைப்புகளை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பத்திரிகை மாற்றிப் போடுவதாகச் சொன்னால் படத்தைத் திரும்பக் கேளுங்கள். பெயர்களைத் தமிழிலும் எழுதுங்கள். கரி அள்ளிய கடலோடியின் கொள்ளுப்பேத்தி எந்த மொழியில் தேடுவாள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

சில வேளை குடும்பத்தவர் எழுதுவார்கள். காசு வாங்காமல் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பாமல், முதலில் தூரத்திலிருந்து எடுத்த முழு உருவப் படம் ஒன்றை மட்டும் அனுப்பி, கிட்டத்தில் எடுத்தவற்றையும் பார்க்க விரும்புகிறீர்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்பவர்களும் உண்டு; பதிலே போடாதவர்களும் உண்டு, அவர்களுக்கு மறுபடி எழுதித் தொந்தரவு செய்யாதீர்கள். வேண்டுமென்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, அந்த இடத்தில் கடல் அமைதியானதா, வெளிச்சம் இருக்கிறதா என்பதுதான். அன்றைய நீரின் நிலையை உள்ளபடி எழுதுங்கள், கலங்கலாக இருந்திருந்தால் கலங்கல் என்றே.