நகர வரலாற்று அருங்காட்சியகம்: முதல் அறையிலேயே களைத்துவிடாதீர்கள்

நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, "பெருசா ஒண்ணும் இல்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நிறையப் பேர். கிரீடமும் வாளும் பொற்காசும் தேடிப் போயிருப்பார்கள். அங்கே இருப்பதோ எடைக்கற்கள், ஒரு கடையின் பெயர்ப்பலகை, டிராம் டிக்கெட், துருப்பிடித்த குடிநீர்க் குழாயின் துண்டு. அழகு பார்த்தால் எதுவும் தேறாது. இந்தக் குழாய் வருவதற்கு முன்னால் ஊர் தண்ணீருக்கு எங்கே போனது, யார் சுமந்தார்கள் என்று யோசித்தால்தான் அதன் முன் ஐந்து நிமிடம் நிற்க முடியும்.

அடுத்த தவறு, நல்ல பிள்ளையாக முதல் பலகையிலிருந்து வரி விடாமல் படிப்பது. இந்த இடங்கள் பெரும்பாலும் காலவரிசையில்தான் போகும்: நிலம் உருவான கதை, கற்கருவி, பானை ஓடு, கோட்டை. எல்லாவற்றையும் படித்துக்கொண்டே போனால் மூன்றாவது அறையில் கால் கெஞ்சும். நம் தாத்தா பாட்டி வாழ்ந்த காலம் கடைசி அறையில் வரும்போது கண் வெளியே போகும் வழியைத் தேடிக்கொண்டிருக்கும். 'அருங்காட்சியகக் களைப்பு' என்று இதற்குப் பெயரே உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் இதைப் பற்றி எழுதினார். காட்சிப் பேழைகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து அவதிப்படுகிறார் என்பதைப் படமெடுத்தே காட்டினார். ஆகவே களைத்துப்போனால் வெட்கப்பட வேண்டாம். பாதிக் குற்றம் பொருளை வைத்தவர்களுடையது.

முதலில் எதையும் படிக்காமல் எல்லா அறைகளிலும் ஒரு நடை நடந்துவிடுங்கள். பிறகு உட்காருங்கள். மனதில் ஒட்டிக்கொண்ட மூன்று நான்கு பொருள்களிடம் மட்டும் திரும்பிப் போங்கள். நான் கடைசி அறையில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பவன். தெரிந்த தெருவிலிருந்து தெரியாத தெருவுக்குப் போவது எளிது. ஒருவழிப் பாதை போட்டிருக்கும் இடத்தில் மட்டும் காவலர் முறைப்பார்.

ஊரின் மாதிரி வடிவம் இருந்தால் அதைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட நியூயார்க் நகர மாதிரி இன்றும் குவீன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1:1200 அளவில் சுமார் 8,95,000 கட்டடங்கள். அப்படிப்பட்ட ஒன்றின் முன் நின்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது "நம்ம வீடு எங்கே?" என்பதுதான். அந்தக் கேள்வியை விடாதீர்கள். பழைய வரைபடங்களில் வடக்கு எப்போதும் மேலே இருக்காது, திசைக்குறியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஆற்று வளைவையோ ரயில் பாதையையோ பிடித்துக்கொண்டு மற்றதைப் பொருத்திப் பாருங்கள்.

லேபிளின் அடியில் இருக்கும் எண்ணையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். '1932.45' என்று இருந்தால் அந்தப் பொருள் 1932-இல் செய்யப்பட்டது என்று அர்த்தமல்ல. பொதுவாக அது பதிவு எண்: 1932-இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது என்று பொருள். பொருள் அதற்கு இருநூறு வருடம் முந்தையதாகவும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு நண்பரிடம் நான் ஒருமுறை அரைமணி நேரம் விளக்கம் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை அவரிடம் திருத்திச் சொல்லவில்லை.

"ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறார்கள்" என்று எரிச்சல்படுவதும் வழக்கம். காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் இவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சம்தான் விடுவார்கள். ஒளியால் வெளுத்த நிறம் திரும்பாது. கண் பழகச் சில நிமிடம் பிடிக்கும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

படமெடுப்பதிலும் ஒரு வினோதம் உண்டு. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு அது வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவிலிருந்தது. ஒரு பகுதியை மட்டும் கிட்டக் கொண்டுவந்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி இல்லை. ஆகவே பூட்டின் சாவித்துளையை எடுங்கள், பெட்டி முழுவதையும் அல்ல.

இல்லாததைப் பார்க்காமல் விடுவதும் தவறுதான். வசதியானவர்களின் சாமான்தான் பத்திரமாக இருந்து இங்கே வந்து சேரும். மாளிகையின் சாப்பாட்டு மேசை இருக்கும். அங்கே பாத்திரம் துலக்கியவரின் பாய் இருக்காது.

வார விடுமுறை எந்த நாள், கடைசி நுழைவு எத்தனை மணி என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூடும் நேரத்துக்கு வெகு முன்பே டிக்கெட்டை நிறுத்திவிடும் இடங்கள் உண்டு.

முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல், உள்ளே பழைய புகைப்படத்தில் பார்த்த ஒரு தெருவுக்கு நடந்து போங்கள். படமெடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று தேடி, அங்கே நின்று கடைப் பலகைகளுக்கு மேலே பாருங்கள். கீழ்த்தளம் பலமுறை மாறியிருக்கும். மாடியின் ஜன்னல் வளைவை யாரும் இடிக்காமல் விட்டிருக்கலாம்.