பீப் அடிக்குது, ஆனா பம்ப்புக்கு கரண்ட் பத்தல: டர்போ கார் வயரிங் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கற செய்முறை

மூணாவது கியர்ல ஃபுல்லா மிதிச்சா 4,500 ஆர்பிஎம் வரைக்கும் வண்டி சும்மா சீறிட்டுப் போகும், அதுக்கு மேல யாரோ பின்னாடி பம்பரைப் புடிச்சு இழுக்கற மாதிரி டக்குனு செத்துரும். மெதுவா ஓட்டினா ஒரு குறையும் தெரியாது. இதான் என் வண்டியோட வியாதி. பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்ங்க, நான் மூணாவது ஓனர், முன்னாடி வெச்சிருந்தவர் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள்ள அமுக்கி அனுப்பற காத்தோட அழுத்தம்) ஏத்தி, டேங்குக்குள்ள பெரிய ஃப்யூவல் பம்ப் போட்டு, டிக்கில ஆம்ப்ளிஃபையர் மாட்டி, ஆசைதீர விளையாடிட்டுத்தான் குடுத்தாரு. நானும் வாங்கினவுடனே ஸ்பார்க் பிளக் மாத்தினேன், பிளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் நாலும் மாத்தினேன், ஃப்யூவல் ஃபில்டர் மாத்தினேன், காசு போச்சே தவிர வண்டி திருந்தல. கோயமுத்தூர் கரி ஸ்பீட்வேல ஒரு டிராக் டேக்கு கொண்டு போய் பாதி நாள் ஓரமா நிறுத்திட்டு மத்தவங்க ஓட்டறத வேடிக்கை பாத்துட்டு வந்தேன், அப்பத்தான் முடிவு பண்ணேன், இனிமே அளந்து பாக்காம ஒரு பார்ட் கூட மாத்தறதில்லைன்னு. அந்த அளக்கற வேலையத்தான் இங்க சொல்லப்போறேன், மல்டிமீட்டரே தொட்டதில்லன்னாலும் செய்யலாம்.

முதல்ல சாமான்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஆயிரம் ரூபா சொச்சத்துல கிடைக்கறதே போதும். பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணு, அதோட ரெண்டு பக்கமும் வயர் வெச்சு கிளிப் மாட்டிக்கங்க, 55 வாட் பல்புன்னா நாலரை ஆம்பியர் இழுக்கும், இதோட அருமை பின்னாடி தெரியும். குண்டூசி நாலஞ்சு. அஞ்சாறு மீட்டர் நீளத்துக்கு ஏதாச்சும் வயர், நான் வீட்ல கிடந்த ஸ்பீக்கர் வயரத்தான் எடுத்தேன். அப்புறம் கிரிம்ப் பண்ற (வயர ஜாயின்ட்டுக்குள்ள வெச்சு அமுக்கி இறுக்கற) பிளேயர், உள்ளாற பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டா சுருங்கற குழாய்), உப்புத்தாள்.

பண்ணக்கூடாதது மூணு இருக்குங்க. மீட்டரோட செவப்பு வயர ஆம்பியர் ஓட்டைல குத்தி வெச்சுட்டு மறந்துபோய் பேட்டரில வெச்சுராதீங்க, மீட்டருக்குள்ள இருக்கற ஃப்யூஸ் போயிரும், ஃப்யூஸ் இல்லாத மலிவு மீட்டர்னா மீட்டரே போயிரும். மஞ்சக் கலர் கனெக்டர் எங்க பாத்தாலும் கைய எடுத்துருங்க, அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். மூணாவது, அந்த ஹெட்லைட் பல்ப ஈசியூ (இன்ஜின ஆட்டி வைக்கற கம்ப்யூட்டர்) வயர்லயோ சென்சார் வயர்லயோ மாட்டவே கூடாது, மில்லி ஆம்பியர்ல வேலை செய்யற இடத்துல நாலரை ஆம்பியர் இழுத்தா ஈசியூக்கு அங்கயே சங்கு ஊதிரலாம்.

ஸ்டெப் 1: பேட்டரி சரியில்லாம மத்ததத் தொடாதீங்க

ராத்திரி பூரா நிறுத்தின வண்டில காலைல பேட்டரிய அளங்க. 12.6 வோல்ட் வந்தா ஃபுல், 12.2ன்னா பாதி தான் இருக்கு, 12க்கு கீழன்னா முதல்ல சார்ஜ் போடுங்க. செல்ஃப் அடிக்கும்போது யாரையாச்சும் மீட்டரப் பாக்கச் சொல்லுங்க, 9.6க்கு கீழ எறங்கக்கூடாது. வண்டி ஓடும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும், சில புது வண்டில ஈசியூவே ஆல்டர்னேட்டர (பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவ) கொறச்சு ஏத்தும், அதுல இந்தக் கணக்கு மாறும். அப்படியே மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்தி அதே பேட்டரில வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்குன்னு சந்தேகப்படலாம், இந்த ஒரு கோளாறு சென்சார் எல்லாத்தையும் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆட வைக்கும்.

டெர்மினல் வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா சோடா உப்பு கலந்த தண்ணில கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்குங்க. கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில.

ஸ்டெப் 2: கண்ணால பாருங்க, கையால ஆட்டுங்க

வயர் எல்லா இடத்துலயும் சமமா கெட்டுப்போகாதுங்க, அதுக்குன்னு சில இடம் இருக்கு. கதவும் பாடியும் சேர்ற ரப்பர் பூட்டுக்குள்ள, டிக்கி கதவு கீல்கிட்ட, இன்ஜின் ஆடும்போது உரசற இடம், பேட்டரி தட்டுக்கு அடில, டர்போவுக்குப் பக்கத்துல. டர்போ வண்டில இந்தக் கடைசி இடத்த நல்லா பாக்கணும், எக்ஸாஸ்ட் பக்கம் போற வயரோட பிவிசி தோல் வெந்து வெந்து அப்பளமாயிரும், மடக்கினா நொறுங்கும். நம்ம ஊர்ல இன்னொரு எதிரி எலி. நாலு நாள் வண்டி எடுக்கலன்னா பானெட்டுக்குள்ள குடும்பமே குடியேறியிருக்கும், கடிச்ச வயர் பாதி அறுந்து பாதி ஒட்டிட்டு இருக்கும், அதக் கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

அதோட முன்னாடி ஓனரோட கைவண்ணத்தத் தேடுங்க. ஃபாக் லைட், ஹார்ன், அலாரம், ஆம்ப்ளிஃபையர், எதுக்காச்சும் கம்பெனி வயர நடுவுல உரிச்சு முறுக்கி கறுப்பு டேப் சுத்தியிருந்தா அங்கதான் பாதி கேஸ் முடியும். வெயில்ல அந்த டேப் பசையெல்லாம் உருகி கழண்டு தொங்கும்.

இன்ஜின் ஐடில்ல ஓடட்டும், நீங்க வயர் கட்டு ஒண்ணொண்ணா மெதுவா ஆட்டிட்டே வாங்க. எங்கயாச்சும் ஆட்டும்போது இன்ஜின் தடுமாறினா அந்த இடத்த டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்கங்க. ஃபேன் பெல்ட்டுகிட்ட கை போகாம பாத்துக்கங்க, லூஸ் சட்டை வேண்டாம்.

ஸ்டெப் 3: ஸ்கேனர் சொல்றத கேளுங்க, ஆனா முழுசா நம்பாதீங்க

ஓபிடி ஸ்கேனர் (ஈசியூ பதிஞ்சு வெச்ச கோளாறு நம்பரப் படிக்கற கருவி) மாட்டி கோட் படிங்க. பி 0301 வந்தா முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், ஆனா அதுக்காக காயில் போச்சுன்னு அர்த்தம் இல்ல, காயிலுக்குப் போற வயரா இருக்கலாம். பி 0562ன்னா சிஸ்டம் வோல்டேஜ் கம்மி. சம்பந்தமே இல்லாத நாலஞ்சு சென்சார் ஒரே நேரத்துல கோட் போட்டா எல்லாத்தையும் வாங்கிராதீங்க, அதுங்க எல்லாம் சேந்து குடிக்கற ஒரே 5 வோல்ட் லைனோ ஒரே எர்த்தோ (கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி) போயிருக்கும். இக்னிஷன் போட்டு சென்சார் கனெக்டர் ஒண்ணொண்ணா கழட்டிட்டே வந்தா, எதக் கழட்டினதும் 5 வோல்ட் திரும்பி வருதோ அதுதான் ஷார்ட் ஆன திருடன்.

யு 0100 மாதிரி யு-ல ஆரம்பிக்கற கோட் வந்தா கேன் லைன் விஷயம், வண்டில இருக்கற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ஜோடி வயர் அது. பேட்டரிய கழட்டிட்டு ஓபிடி சாக்கெட்ல 6ம் 14ம் பின்னுக்கு நடுவுல ஓம் பாருங்க, நிறைய வண்டில 60 ஓம் வரும், ரெண்டு முனைலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கறதால. 120 காட்டினா ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கு. நடுவுல கேட்வே (கேன் லைன்கள பிரிச்சு இணைக்கற பெட்டி) வெச்ச வண்டில இந்தக் கணக்கு அப்படியே வராது, அந்த வண்டியோட வயரிங் டயக்ராம் இல்லாம அங்க இறங்காதீங்க.

ஸ்டெப் 4: வோல்டேஜ் டிராப், இங்கதான் எல்லாமே இருக்கு

நம்ம ஆளுங்க பெரும்பாலும் வயர்ல ஓம் வெச்சு பாப்பாங்க, மீட்டர் பீப்னு கத்தும், வயர் நல்லாருக்குன்னு மூடி வெச்சுருவாங்க. அந்த பீப்ப நம்பி நான் ஏமாந்தது தான் இந்தக் கதையே. இருபது இழை இருக்கற வயர்ல பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அனுப்பற கரண்ட் கொசு கடிச்ச மாதிரி. உண்மையான கரண்ட் ஓடும்போதுதான் அந்த வயர் படுத்துக்கும். அதனால வயர எப்பவும் வேலை செய்யும்போது அளக்கணும்.

முறை சிம்பிள்ங்க. மீட்டர டிசி வோல்ட்ல வைங்க. செவப்பு முனைய பேட்டரி பிளஸ்ல, கறுப்பு முனைய ஃப்யூவல் பம்ப்போட பிளஸ் பின்ல. பம்ப் ஓடணும், கட்டாயம். இப்ப மீட்டர் காட்டறது அந்த வழில தொலைஞ்சுபோற வோல்ட். அதே மாதிரி பம்ப்போட மைனஸ் பின்ல செவப்பு, பேட்டரி மைனஸ்ல கறுப்பு வெச்சா எர்த் பக்கம் தொலையறது தெரியும். பேட்டரி முன்னாடி, பம்ப் பின் சீட்டுக்கு அடில, அதுக்குத்தான் அந்த நீள ஸ்பீக்கர் வயர். கனெக்டர கழட்டாம அதோட முதுகு வழியா வயர ஒட்டி குண்டூசிய மெதுவா நுழைச்சா பின்னத் தொடும், வயர் தோல ஓட்டை போடாதீங்க, பின்னாடி தண்ணி எறங்கும்.

என் வண்டில வந்த கணக்கு இது. இன்ஜின் ஓடும்போது பேட்டரில 14.1. பிளஸ் பக்கம் தொலைஞ்சது 0.4, பரவாயில்ல. எர்த் பக்கம் 2.8! நான் மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு முனைய மாத்தி மாத்தி மூணு தடவ வெச்சு பாத்தேன். ஆக பம்ப்புக்கு மிச்சம் 10.9 வோல்ட் தான். கிளாம்ப் மீட்டர் (வயரச் சுத்தி கவ்வினாலே ஆம்பியர் காட்டறது) கடன் வாங்கி பாத்தா பம்ப் 8 ஆம்பியர் இழுக்குது, டிசி அளக்கற கிளாம்ப் தான் வேணும், வீட்டு வயரிங்குக்கு வெச்சிருக்கற ஏசி கிளாம்ப் ஆகாது. 2.8ஐ 8ஆல வகுத்தா 0.35 ஓம். மீட்டரோட வயர் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.2, 0.3 காட்டும், அப்புறம் ஓம் வெச்சு இத எந்தக் காலத்துல கண்டுபிடிக்கறது?

ஏன் மேல் ஆர்பிஎம்ல மட்டும் செத்துச்சுன்னும் புரிஞ்சுது. பூஸ்ட் ஏறினா பெட்ரோல் அதிகம் வேணும், ஃப்யூவல் பிரஷரும் பூஸ்ட்டோட சேந்து ஏறும், பம்ப் இன்னும் கரண்ட் கேக்கும், கேக்க கேக்க எர்த்ல இன்னும் தொலையும். டர்போ இன்ஜின்ல இப்படி பெட்ரோல் பத்தாம ஓடறது பிஸ்டன உருக்கற வேலை, நான் தப்பிச்சது அதிர்ஷ்டம்.

ஒரு அளவு சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க: எர்த் பக்கம் தொலையறது 0.1 வோல்ட் வரைக்கும் இருக்கலாம், 0.2ன்னா யோசிக்கணும். செல்ஃப் மோட்டாரோட பெரிய கேபிள்ல அடிக்கும்போது 0.5 வரைக்கும் விடலாம். பார்ட் ஓடவே ஓடலன்னா அதுக்குப் பதிலா அந்த ஹெட்லைட் பல்ப கனெக்டர்ல மாட்டுங்க, பளிச்சுனு எரிஞ்சா வயர் நல்லது, மங்கலா அழுதா வயர்ல கோளாறு.

ஃப்யூஸ் போட்டதும் போட்டதும் போகுதுன்னா, ஃப்யூஸ் இருந்த இடத்துல இதே பல்ப மாட்டுங்க. ஷார்ட் இருக்கற வரைக்கும் ஃபுல்லா எரியும், வயர ஆட்டிட்டே வரும்போது எங்க அணையுதோ அங்க பாருங்க. பத்து ஃப்யூஸ் மிச்சம். 10 ஆம்பியர் செவப்புக்கு பதிலா 30 ஆம்பியர் பச்சையப் போட்டு ஓட்டறவங்களும் இருக்காங்க, அவங்க வண்டில தீயணைப்பான் வெச்சுக்கறது நல்லது.

ஸ்டெப் 5: வெட்டி ஒட்டற வேலை

பின் சீட்டத் தூக்கி எர்த் போல்ட்டப் பாத்தேன். பெயின்ட்டுக்கு மேலயே ஆம்ப்ளிஃபையர் எர்த்தோட லக் (வயர் முனைல இருக்கற வளையம்), அதுக்கு மேல பம்ப் எர்த்தோட லக், நடுவுல துரு. அதுவும் பத்தாதுன்னு பம்ப் எர்த் வயர முன்னாடி ஓனர் காலிங் பெல்லுக்கு இழுக்கற மெல்லிசு வயரால நீட்டியிருந்தாரு. தொட்டா சுட்டுச்சு.

இங்க பெட்ரோல் பக்கத்துலயே வேலை, அதனால கதவு எல்லாம் திறந்து வெச்சு, பேட்டரி மைனஸக் கழட்டி, பம்ப் மூடியத் திறக்காம பண்ணுங்க. பெட்ரோல் வாசனை வந்தா நிறுத்திருங்க.

வயர வெட்டும்போது உள்ள செம்பு பளபளன்னு தெரியற வரைக்கும் வெட்டுங்க, கறுத்தோ பச்சையாவோ இருந்தா இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. புது வயர் பழசோட அதே கனம் இல்ல அதுக்கு மேல. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ முதல்லயே வயர்ல நுழைச்சு வெச்சுக்கங்க, இத மறந்துட்டு ஜாயின்ட் போட்டுட்டு தலைல கை வெக்காத ஆளே கிடையாது. கிரிம்ப் பண்ணி, நல்லா இழுத்துப் பாத்து, அப்புறம் ஸ்லீவ சூடு காட்டி பசை ஓரத்துல கசியற வரைக்கும் சுருக்குங்க. சால்டரிங் தப்புன்னு சொல்லல, ஆனா ஈயம் இழைக்குள்ள ஏறி அந்த இடம் கம்பி மாதிரி விறைச்சுரும், இன்ஜின் அதிர்வுல அந்த ஓரத்துலயே ஒடியும், அதனால எனக்கு கிரிம்ப் தான். ஒரே கட்டுல நாலு வயர் ஒட்டணும்னா நாலு ஜாயின்ட்டையும் ஒரே இடத்துல போடாம தள்ளித் தள்ளிப் போடுங்க. டர்போ பக்கம்னா பிவிசி வயர் வேண்டாம், ரேஸ் காருக்குப் போடற டெஃப்செல் வயர் 150 டிகிரி தாங்கும், விலை கடிக்கும், ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் தானே.

எர்த்துக்கு பெயின்ட்ட சுரண்டி வெறும் தகரம் தெரியணும், லக் போட்டு இறுக்கினதுக்கு அப்புறம் மேல கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்க. ஆம்ப்ளிஃபையர் எர்த்த தனி போல்ட்டுக்கு மாத்திட்டேன்.

பெரிய பம்ப் போட்டிருக்கறதால ஒரு ரிலேவும் (சின்ன கரண்ட்ட வெச்சு பெரிய கரண்ட்ட ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) சேத்தேன். பேட்டரில இருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள்ளயே 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேவோட 30ம் நம்பர் பின்ல. 87ல இருந்து பம்ப் பிளஸ். கம்பெனி பம்ப் வயர வீசிராம அத 86ல குடுங்க, 85 எர்த். இப்படி பண்ணா இன்ஜின் நின்னுட்டாலோ வண்டி மோதினாலோ பம்ப்ப நிறுத்தற வேலைய கம்பெனி வயரிங் பழையபடி பாத்துக்கும். நேரா சுவிட்ச் வெச்சு பம்ப் ஓட்டறது ஆபத்துங்க, கவுந்து கிடக்கற வண்டில பம்ப் பெட்ரோல ஊத்திட்டே இருக்கும்.

ஸ்டெப் 6: திரும்ப அளங்க

முடிச்சுட்டு அப்படியே ஓட்டப் போயிராதீங்க, அதே இடத்துல அதே மாதிரி திரும்ப வைங்க. எனக்கு பிளஸ் பக்கம் 0.2, எர்த் பக்கம் 0.05 வந்துச்சு, பம்ப்புக்கு 13.85. புது ஜாயின்ட் ஒவ்வொண்ணையும் ஆட்டிட்டே மீட்டரப் பாத்தேன், அசையல. பத்து நிமிஷம் ஓடவிட்டு ரிலேவையும் ஃப்யூஸையும் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கை வெக்க முடியாம சுட்டா எங்கயோ கிரிம்ப் சரியில்ல.

அடுத்த டிராக் டேல மூணாவது கியர் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. கழட்டின பழைய காயில் நாலும் இன்னும் டிக்கில கிடக்குங்க, ஒண்ணுல கூட ஒரு குத்தமும் இல்ல.