ஜெர்மனியில் முதல் வாடகை வீடும் கிண்டர்கெல்டும்: எதை முதலில் செய்வது?

ஜெர்மனிக்கு வேலைக்கு வருகிற நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, "குழந்தைக்கு அரசாங்கம் பணம் தருதாமே, எப்படி வாங்குறது?" என்பதுதான். அதற்கான பதில் வாடகை ஒப்பந்தத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீடு இருந்தால்தான் முகவரிப் பதிவு. அந்தப் பதிவு இருந்தால்தான் வரி எண். வரி எண் இருந்தால்தான் கிண்டர்கெல்ட், அதாவது பிள்ளைக்கான மாத உதவித்தொகை. இந்தச் சங்கிலியைத் தலைகீழாகப் பிடித்து இழுத்துப் பார்த்தவன் நான். அதனால் வரிசையோடு சொல்கிறேன்.

படி 1: தற்காலிக வீடு, ஆனால் பதிவு செய்யக்கூடிய வீடு

ஊரிலிருந்தபடியே நிரந்தர வீடு பிடிக்க முயல வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு, சாமான்களோடு கூடிய வீடோ அறையோ எடுங்கள். முன்பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே ஆன்மெல்டுங் செய்யலாமா?"

ஆன்மெல்டுங் என்றால் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது.

நான் முதலில் எடுத்த அறையின் உரிமையாளர், சாவி கொடுத்த பிறகு, "பதிவெல்லாம் இங்கே முடியாது" என்றார். பதிவு இல்லாததால் வரி எண் வரவில்லை. வரி எண் இல்லாததால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பில் பிடித்தம் செய்தார்கள். இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகுப்பு அது. பிற்பாடு கணக்கு நேராகிப் பணம் திரும்பி வந்தது என்பது வேறு விஷயம். புது ஊரில், கையில் காசு தேவைப்படுகிற முதல் மாதத்தில்தான் அது போனது.

படி 2: விளம்பரத்தைப் படிக்கப் பழகுவது

இமொபிலியன்ஸ்கவுட், க்ளைன்அன்சைகன் ஆகிய இரண்டு இணையதளங்களிலும் வீடுகள் கிடைக்கும். பகிர்ந்து தங்கும் அறைக்கு டபிள்யூஜி-கெசூக்ட். மூன்று விஷயங்களில் நம் ஆட்கள் தடுமாறுவார்கள்.

ஒன்று, அறை எண்ணிக்கை. "2 சிம்மர்" என்றால் இரண்டு படுக்கையறை கிடையாது. ஹாலையும் சேர்த்து எண்ணுவார்கள். நம்மூர்க் கணக்கில் அது ஒற்றைப் படுக்கையறை வீடு. சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் வராது.

இரண்டு, வாடகை. கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்பது அதோடு தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு போன்ற செலவுகளும், பெரும்பாலும் வெப்பமூட்டும் செலவும் சேர்ந்தது. வீட்டு மின்சாரமும் இணையமும் வழக்கமாக இதில் சேராது, தனி. செலவுத்தொகை தோராயமாகக் கட்டும் முன்பணம்தான். கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் உண்மையான கணக்கை அனுப்புவார். குளிர்காலம் முழுக்க ஹீட்டரை ஐந்தில், அதாவது உச்சத்தில், வைத்திருந்தால் அந்தக் கடிதம் சற்றுக் கனமாக வரும்.

மூன்று, சமையலறை. நான் பார்க்கப் போன முதல் வீட்டில், சமையலறை என்று காட்டிய இடத்தில் சுவரிலிருந்து இரண்டு குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே மூன்று வயர் தொங்கியது, பல்பு மாட்ட. அடுப்பில்லை, மேடையில்லை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டிகூட இல்லை. கட்டி முடிக்காத வீடோ என்று நினைத்தேன். இங்கே பலர் வீடு மாறும்போது சமையலறையையே கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். எனவே விளம்பரத்தில் "ஐன்பௌக்யூஷே" என்ற சொல்லைத் தேடுங்கள். சமையலறை பொருத்தியிருக்கிறது என்று பொருள்.

"நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் ஒரு யூரோகூடப் போகக்கூடாது. புரோக்கர் கமிஷனும் அப்படித்தான்: 2015-இலிருந்து, யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவர்தான் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் வைத்த புரோக்கர் உங்களிடம் கை நீட்டினால் கொடுக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட் நகல், விசா, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஷூஃபா என்கிற கடன் நம்பகத்தன்மை அறிக்கை கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றுமே இருக்காது. அதை மறைக்காமல், "இப்போதுதான் வந்தேன், இதோ வேலை ஒப்பந்தம்" என்று இரண்டு வரி எழுதுங்கள். குடும்பப் படம் ஒன்றும், யார் யார் குடியிருப்போம் என்ற குறிப்பும் சேர்த்த பிறகுதான் எனக்குப் பதில்கள் வரத் தொடங்கின.

படி 3: கையெழுத்து, அட்வான்ஸ், சாவி

பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இங்கே காப்புத்தொகை மூன்று மாதக் கால்ட்மீட்டேயைத் தாண்டக்கூடாது. அதையும் மூன்று சம தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. முதல் தவணை குடியேறும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகையோடு.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மொழிபெயர்த்தாவது படியுங்கள். வாடகை எப்படி உயரும்? (ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையா, விலைவாசிக் குறியீட்டைப் பொறுத்தா.) குறைந்தபட்சம் எவ்வளவு காலம் இருந்தாக வேண்டும்? அப்படி ஏதும் எழுதாவிட்டால் மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம். அந்த அறிவிப்பு தாளில், கையெழுத்தோடு போக வேண்டும். மின்னஞ்சல் செல்லாது.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புப் பதிவேடு எழுதுவார்கள். கூச்சப்படாமல் சுவரில் இருக்கும் ஒவ்வொரு ஆணி ஓட்டையையும், தரையின் கீறலையும், மீட்டர் எண்ணையும் எழுதச் சொல்லி போட்டோ எடுங்கள். காலி செய்யும்போது உங்கள் காப்புத்தொகையைக் காப்பாற்றப்போவது இந்தத் தாள்தான். நம் சமையலுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: இட்லிப் பானையைத் திறந்ததும் ஜன்னலையும் அகலத் திறந்துவிடுங்கள், வெளியே பனி கொட்டினாலும் சரி. ஆவி அடைந்தால் மூலையில் பூசணம் பிடிக்கும். பிடித்தால் பழி நம் மேல்.

நான் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோகே என்று ஒன்று உண்டு. முறைவைத்து வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் கதவில் ஒரு சிறு பலகை தொங்கினால் இந்த வாரம் உங்கள் முறை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வேலையா என்ன?

படி 4: பதிவும், தபால்பெட்டியில் பெயரும்

வீட்டுக்காரர் தந்த தாள், பாஸ்போர்ட்டுகள், திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு நகர அலுவலகம் போனால் பத்து நிமிட வேலை. நேரம் முன்பதிவு செய்வதுதான் சிரமம். வீடு உறுதியான அன்றே நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்.

சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இங்கேதான் தமிழ்ப் பெயர்கள் வேலையைக் காட்டும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் என் அப்பா பெயர். மனைவிக்கு அவருடைய அப்பா பெயர். பையனுக்கு என் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். தபால்பெட்டியில் என் அப்பா பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். எனக்குக் கடிதம் வந்தது. நான்கு வயதுப் பையன் பெயருக்கு அரசாங்கம் அனுப்பிய கடிதம், அப்படி ஒருவர் இங்கில்லை என்று திரும்பிப் போனது. இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துப் போடமாட்டார், ஒரு கட்டடத்தில் இருபது வீட்டுக்கும் எண் ஒன்றுதான். பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். மூன்று பெயரையும் ஒட்டுங்கள், அழைப்பு மணியிலும் சேர்த்து.

பதிவு செய்த கையோடு ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்றாலும் கட்டத்தான் வேண்டும். மோசடி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

படி 5: கிண்டர்கெல்ட்

2026 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. பெற்றோரில் ஒருவர்தான் விண்ணப்பிக்கலாம். பிள்ளை இங்கே உங்களோடு வசிக்க வேண்டும். ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த பிள்ளைக்குக் கிடைக்காது. ப்ளூ கார்டு போன்ற வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு உண்டு. படிப்புக்கான அனுமதியில் இருந்தால் பொதுவாகக் கிடையாது.

விண்ணப்பம் ஃபமிலியென்காசே என்ற அலுவலகத்துக்கு. இணையத்திலேயே நிரப்பலாம். உங்கள் வரி எண், பிள்ளையின் வரி எண், வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதியின் நகல், பிறப்புச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றில் "கே. அருண்" என்றும் பாஸ்போர்ட்டில் விரித்தும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு விளக்கக் கடிதம் முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். கேள்வி வந்து பதில் எழுதிக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

தாமதமானால் முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டும்தான் பின்னோக்கித் தருவார்கள். ஒரு வருடம் கழித்து விழித்துக்கொண்டால் பாதி போச்சு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வேலைக்குப் போகாத கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ கூடுதல் கட்டணமின்றிச் சேரலாம். இங்கே குழந்தை பிறந்தால் எல்டர்ன்கெல்ட் உண்டு, அடிப்படை வகையில் மாதம் 300 முதல் 1800 யூரோ வரை. மூன்று மாதம்தான் பின்னோக்கிக் கிடைக்கும். வாடகைக்கு உதவும் வோன்கெல்ட் விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான். அடிப்படை வாழ்வாதார உதவியை மட்டும், வெளிநாட்டவர் அலுவலகத்திலோ ஒரு ஆலோசகரிடமோ கேட்காமல் தொடாதீர்கள். உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது விசா நீட்டிப்புக்கு முக்கியம். கிண்டர்கெல்டுக்கும் எல்டர்ன்கெல்டுக்கும் அந்தப் பயம் இல்லை.

எல்லாம் ஒப்புதலானதும் கிண்டர்கெல்ட் எண் ஒன்று வரும். அதன் கடைசி இலக்கம்தான் பணம் வரும் நாளைத் தீர்மானிக்கும்: பூஜ்யம் என்றால் மாதத் தொடக்கத்தில், ஒன்பது என்றால் இருபதாம் தேதியை ஒட்டி. எங்கள் எண் எட்டில் முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு. ஒவ்வொரு மாதமும் அவருக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபின் ஒரு வாரத்துக்கும் மேல் நாங்கள் காத்திருக்கிறோம்.