வண்ணாரப்பேட்டைத் துணியிலிருந்து அடிமை வரலாறு: மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து எடுக்க

அமெரிக்காவில் தொடங்கினால் பாடம் அமெரிக்காவிலேயே நின்றுவிடும். பருத்திக் காடு, சங்கிலி, லிங்கன் என்று எழுதி மார்க் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் போய்விடுவார்கள். வடசென்னையில் துணியைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்தது வண்ணாரப்பேட்டை. ஆளுநர் காலெட் (1717–1720) நெசவாளர்களைக் குடியேற்றியது காலடிப்பேட்டை. பிள்ளைகளுக்கு இரண்டும் மெட்ரோ ஸ்டேஷன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு பீரியட் போதும். வரலாறு, தமிழ், கணக்கு ஆசிரியர்கள் மூவரும் முன்கூட்டி ஒரு மணி நேரம் உட்காருங்கள். "நீங்க இதை எடுங்க, நான் அதை எடுக்கிறேன்" என்று பிரித்துக்கொண்டு எழுந்துவிட்டால் ஒரே கதை மூன்று முறை ஓடும். யார் எந்தச் சான்றை வகுப்புக்குக் கொண்டுவருவது என்று பிரியுங்கள்.

முதல் பீரியடில் வரலாற்று ஆசிரியர் உலக வரைபடத்தில் சிவப்பு நூல் கட்டட்டும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று மூன்று முனையில் ஓடிய அடிமை வியாபாரத்துக்கு 'முக்கோண வணிகம்' என்று பெயர்; அந்தப் பெயரில் சென்னைக்கு இடமே இல்லை. சோழமண்டலக் கரையின் நீலத் துணியும் கோடு போட்ட துணியும் ஐரோப்பா போய், மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. நூலுக்கு நான்காவது முனை இங்கேதான். இரண்டாவது நூல் இந்தக் கரையிலிருந்தே போன மனிதர்களுக்கு: பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். 1680களில் சென்னைத் துறையிலும் இந்த வியாபாரம் நடந்தது. 1688இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கம்பெனி நிர்வாகம் அதற்குத் தடை போட்டது.

கணக்கு ஆசிரியருக்கு ஒரு கிராஃப் தாள். அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. கட்டத்துக்கு 1 லட்சம் என்றால் 125 கட்டம். அதில் 18 கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கச் சொல்லுங்கள். சதவீதம் அப்புறம். முதலிலேயே கேட்டால் விடை வந்ததும் தாளை மூடிவிடுவார்கள்.

பலரும் சறுக்குவது தமிழ் வகுப்பில்தான். 'அடியேன்', 'அடியார்' என்று பக்தியில் பழகிய காதுக்கு 'அடிமை' உறுத்தாது. சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் நீட்டிய ஆளோலையை ('இவன் எனக்கு அடிமை' என்று காட்டும் ஓலை) எடுங்கள். பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனையும் கட்டுமா? கிழவராக வந்து சுந்தரரைக் கேட்டது சிவன். ஒரு பண்ணையார் கேட்டிருந்தால்?

இந்தக் கேள்வியோடு நான்காவது பீரியடில் மூவரும் வகுப்பில் இருங்கள். சார்ட்டில் நான்கு வரிசை: அட்லாண்டிக் அடிமை, பண்ணையாள், ஒப்பந்தக் கூலி, கொத்தடிமை. மூன்று கேள்வி: விற்கலாமா, காலக்கெடு உண்டா, பிள்ளைக்கும் தொடருமா? எல்லாவற்றையும் 'அடிமை' என்று ஒரே பையில் போடுவது பெரிய தவறு. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ட்ரூரோ கப்பலில் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அதே சமயம், 'ஒப்பந்தம்தானே' என்று லேசாக விட்டுவிடவும் கூடாது. சட்ட ஆண்டுகளை ஓரத்தில் எழுதுங்கள்: 1843, 1860, 1976. 1843 சட்டம் அடிமை வைத்திருப்பவருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. அவருடைய உரிமையைக் கோர்ட் ஏற்காது என்றது, அவ்வளவே. தண்டனை 1860 தண்டனைச் சட்டத்தில்தான் வந்தது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம்.

ஏலம் போடுவதுபோல் நாடகம் வேண்டவே வேண்டாம். ஏலத்தில் நிற்க எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள் என்பதிலேயே அவமானம் ஆரம்பித்துவிடும். "உங்க தாத்தா யாரிடம் வேலை செய்தார்?" என்று சபையில் கேட்பதும் ஜாதி கேட்பதுதான்.

கேள்விகளுக்குப் பெயர் எழுதாத சீட்டும் ஒரு பெட்டியும் வையுங்கள். மூன்றாவது பீரியட் முடிந்ததும் மூவரும் சேர்ந்து படித்துவிடுங்கள். செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பம் பற்றி ஏதாவது சீட்டில் வந்தால் அதை வகுப்பில் வாசிக்காதீர்கள், எழுதியது யார் என்று எல்லார் முன்னாலும் தேடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்லி அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். கொத்தடிமையிலிருந்து விடுபட்டதற்கான விடுதலைச் சான்றிதழுக்குப் போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம்.